சதோவாவில் ஒஸ்திரியா வென்றிருந்தால்?

நடந்தவற்றை ஆராய்தலே வரலாற்றாசிரியனின் தொழில். நடவாதவற்றைப் பற்றி எண்ணுதல் புலவர்க்கும் கதாசிரியர்க்கும் உரியது என்பது பலருடைய கொள்கை. ஈ. எச். கார் என்னும் ஆங்கில அறிஞர், 'இப்படி நடந்திருந்தால்' என்ற வினாவை வீட்டுக்கூடத்தில் ஆடும் பொழுதுபோக்கு விளையாட்டென ஒதுக்கினார். ஆயினும் இவ்வினா மிகப் பழையது. உரோம வரலாற்றை எழுதிய லிவி, தமது நூலின் ஒன்பதாம் பாகத்தில் கதையைச் சிறிது நிறுத்தி, மகா அலெக்சாந்தர் மேற்கே திரும்பி உரோமர் மீது படையெடுத்திருப்பின் வெற்றி யார் பக்கம் நின்றிருக்கும் என நெடிது ஆராய்கின்றார். (அவர் கண்ட விடை உரோமர் விரும்பிய விடையே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!) 1836இல் லூயி ஜெப்ரூவா என்ற பிரெஞ்சுக்காரர், நெப்போலியன் உருசியாவிலே தோல்வியுறாது உலகம் முழுவதையும் ஆண்டதாக ஒரு பெரு நூலே எழுதிவிட்டார். முன்னவர் பெருமையால் எழுதினார். பின்னவர் ஏக்கத்தால் எழுதினார். இவ்விரண்டும் புகாத இடத்தில் இவ்வினா பயன் தருவதாகும். ஒரு நிகழ்ச்சிக்கு இதுவே காரணம் என்று கூறும் ஒவ்வொருவரும், அக்காரணம் இல்லையாயின் அந்நிகழ்ச்சியும் இல்லையென்று சொல்லாமற் சொல்கின்றனர். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மவர் பழமொழி. காகம் வாராதிருந்தாலும் பழம் விழுந்திருக்குமா என்பதை ஆராயாமல், பழம் விழுந்தமைக்குக் காகத்தைக் காரணமாகக் காட்டுதல் எவ்வாறு பொருந்தும்?

ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் இடந்தரும் போர், 1866இல் பிரஷ்யாவுக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே நிகழ்ந்த ஏழுவாரப் போராகும். அதன் முடிவு பெரும்பாலும் ஒரே நாளில், ஜூலை 3ஆம் திகதி, பொஹீமியாவிலே சதோவா என்னும் சிற்றூரை அடுத்த மேட்டு நிலத்திலே தீர்க்கப்பட்டது. ஜேர்மானியர் அருகிலுள்ள கோட்டையின் பெயரால் இதனைக் கோனிக்கிரேற்ஸ் போர் என வழங்குவர். நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் அன்று அங்கே எதிரெதிர் நின்றனர். அந்நாளின் நண்பகல் வரை, வெற்றி இன்னார்க்கு என்று களத்தில் நின்ற எவராலும் துணிந்து கூற முடிந்திலது.

போரின் தோற்றம் எல்லோரும் அறிந்ததே. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1815இல் அமைந்த ஜேர்மன் கூட்டிணைப்பில் ஏறக்குறைய நாற்பது அரசுகள் இருந்தன. தலைமை ஒஸ்திரியாவுக்கு உரியதாயிருந்தது. பிரஷ்யா அத்தலைமையைத் தனதாக்க விரும்பியது. 1864இல் இரு வல்லரசுகளும் சேர்ந்து டென்மார்க்கிடமிருந்து பறித்த சிலெஸ்விக், ஹொல்ஸ்ரைன் என்னும் இரு நாடுகளைப் பற்றிய பிணக்கு, போருக்குச் சாட்டாக வாய்த்தது. பவேரியா, சாக்சனி, ஹனோவர் முதலாய நடுத்தர அரசுகளுட் பல ஒஸ்திரியாவின் பக்கம் சேர்ந்தன. இத்தாலி வெனீசியாவைப் பெறும் நோக்குடன் பிரஷ்யாவோடு சேர்ந்தது. போர் தொடங்கியபோது ஒஸ்திரியாவே வெல்லும் என்று எதிர்பார்த்தோர் ஐரோப்பிய தலைநகரங்களில் மிகப் பலர்.

பிரஷ்யப் படைத்துறையின் தலைமை அதிகாரியாகிய மோல்ற்கே தமது படைகளை ஒன்றாகக் கொண்டு செல்லவில்லை. எல்பேப் படையும் இளவரசர் பிரெடெரிக் சார்ள்ஸின் முதலாம் படையும் மேற்கிலிருந்து வந்தன; பட்டத்து இளவரசர் பிரெடெரிக் வில்லியத்தின் இரண்டாம் படை சிலேசியாவிலிருந்து மலைக் கணவாய்களின் ஊடாக இறங்கிற்று. பிரிந்து நடந்து, போர்க்களத்திலே கூடுதல் என்பது அவருடைய திட்டம். கூடுவதற்கு முன்னரே பகைவன் தாக்கினால் இத்திட்டம் கேடாய் முடியும். ஜூலை 2ஆம் திகதி நள்ளிரவு நெருங்கும் வேளையிலேதான், ஒஸ்திரியப் படை முழுவதும் எல்பே ஆற்றுக்கு இப்பால், முதலாம் படையின் எதிரே நிற்கிறதென்ற செய்தி கிற்சின் நகரில் உறங்கிக்கொண்டிருந்த மோல்ற்கேக்கு எட்டியது. இரண்டாம் படைக்கும் கிற்சினுக்கும் இடையே அவ்விரவில் தந்தித் தொடர்பு இல்லை. பட்டத்து இளவரசர் தம் படை முழுவதையும் கொண்டு விரையவேண்டும் என்ற கட்டளையைப் பிங்கன்ஸ்ரைன் என்னும் அதிகாரி குதிரையிலே கொண்டு சென்றார். மழை பெய்து சேறாய்க் கிடந்த வழியில், இருளிலே, ஏறக்குறைய 20 மைல் ஓடி, விடியற்காலை நாலு மணியளவில் கோனிகின்ஹோவ் என்னும் இடத்திலிருந்த இளவரசரின் பாசறையை அவர் அடைந்தார்.

அக்குதிரை வழியிலே கால் இடறி வீழ்ந்திருந்தால்? இவ்வினாவைப் பிற்காலத்தார் புனைந்ததாக எண்ணவேண்டியதில்லை. களத்தில் நின்றவர்களே அதனை எண்ணினர். பட்டத்து இளவரசர் காலந்தாழ்த்தி வந்திருந்தால் பிஸ்மார்க் அன்று மிகக் கொடிய பாதகராகக் கருதப்பட்டிருப்பார் என்று, வெற்றிக்குப் பின் ஒரு படையதிகாரி அவர் முகத்துக்கு நேரே கூறியதாகச் சொல்லப்படுகிறது. பிஸ்மார்க்கும் அதனை அறியாதவரல்லர். தோற்றால் திரும்பி வருவதில்லை, கடைசிப் பாய்ச்சலிலே மடிவேன் என்று போர் தொடங்கும் வேளையில் ஆங்கிலத் தூதரிடம் அவர் கூறியிருந்தார்.

களத்தின் நிலையும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. காலை எட்டு மணியளவில் தொடங்கிய போரிலே, ஒஸ்திரியரின் பீரங்கிகள் முதலாம் படையை ஆற்றங்கரையிலே தடுத்து நிறுத்தின. பீரங்கித் தொழிலில் ஒஸ்திரியர் மேம்பட்டவர். மேட்டில் நின்று, தூரங்களை முன்னரே அளந்து வைத்துச் சுட்டனர். நண்பகலில் மன்னர் வில்லியம் கலங்கினார். அவருக்குப் போர் மாத்திரமன்று, படையெடுப்பு முழுவதுமே வெற்றியாய் முடியும் என்று மோல்ற்கே அமைதியாகக் கூறினாராம். ஆனால், ஒஸ்திரியரின் வலப்புறத்திலே சுவீப் என்னும் காட்டை ஒரு பிரஷ்யப் படைப்பிரிவு பிடித்து வைத்துக்கொண்டு விடாது போராடியமை அன்று பெருங் காரியமாயிற்று. அக்காட்டை மீட்கும் வேகத்தில் ஒஸ்திரியத் தளபதிகள் இருவர் தம் சேனாதிபதியின் கட்டளையை மீறித் தங்கள் படைகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செலுத்தினர். அவை வடக்கே பட்டத்து இளவரசர் வரும் வழியைக் காத்து நிற்கவேண்டிய படைகள். சேனாதிபதி பெனெடெக் அவற்றைத் திரும்ப அழைத்து அவை மீண்டுகொண்டிருந்த வேளையிலேயே இரண்டாம் படை வந்து மோதிற்று. பிற்பகல் மூன்று மணியளவில் ஒஸ்திரிய அணியின் நடுவே இருந்த குலூம் என்னும் ஊர் பிரஷ்யர் கையிலாயிற்று. அச்செய்தியைப் பெனெடெக் முதலில் நம்பவே மறுத்து, தாமே குதிரையேறிப் பார்க்கச் சென்று, துப்பாக்கிச் சூட்டினால் வரவேற்கப்பட்டார். மாலைக்குள் ஒஸ்திரியர் இழந்தோர் தொகை 40,000ஐத் தாண்டியது. பிரஷ்யர் இழந்தது ஏறக்குறைய 9,000.

ஆகவே, குதிரை வீரன் தாமதிக்கவும், இளவரசர் மாலையிலன்றி வந்து சேராதிருக்கவும் இடமிருந்தது. இந்த ஒரு மாற்றத்தை மாத்திரம் கொண்டு பார்த்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

முதலாம் படை சிதறுண்டு பின்வாங்கியிருக்கும். பெனெடெக் அதனைத் துரத்தியிருப்பாரா? அவருடைய மனநிலை அதற்கு இடந்தருவதாக இல்லை. இத்தாலியச் சமவெளியைத் தம் உள்ளங்கைபோல் அறிந்த அவர், பொஹீமியாவை அறியேன் என்று சொல்லியும் கேளாது இத்தலைமை அவர் தலையிற் சுமத்தப்பட்டது. போருக்கு இரண்டு நாள் முன்னரே, எவ்வாறாயினும் சமாதானம் செய்க, படைக்கு அழிவு தவிர்க்க முடியாதது என்று பேரரசருக்குத் தந்தி கொடுத்தவர் அவர். அத்தகையவர் வெற்றிக்குப் பின் பாய்ந்து சென்றிருப்பார் எனக் கருதுதல் அரிது. மேலும் மறுநாட் காலையில், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரருடன் இரண்டாம் படை அவருடைய வலப்புறத்தில் குலையாது நின்றிருக்கும்.

வெற்றியின் விலையையும் நோக்குதல் வேண்டும். ஜூன் 27இல் திரவுற்றெனவு என்னும் இடத்திலே ஒஸ்திரியர் உண்மையாகவே வென்றனர். இப்படையெடுப்பில் அவர்கள் பெற்ற ஒரே வெற்றி அது. அங்கே தோற்ற பிரஷ்யர் ஏறக்குறைய 1,300 பேரை இழக்க, வென்ற ஒஸ்திரியர் 4,800 பேர் வரையில் இழந்தனர்! பிரஷ்யரின் ஊசித் துப்பாக்கி பின்புறத்தில் மருந்தும் குண்டும் இடத்தக்கது. வீரன் நிலத்திற் படுத்தபடியே, முன்வாயிலில் மருந்து இடித்து நிற்கும் பகைவன் ஒரு முறை சுடுவதற்குள் மூன்று நான்கு முறை சுடுவான். ஒஸ்திரியரோ 1859இல் சொல்பெரீனோவிலே பிரெஞ்சுக்காரரின் துப்பாக்கி முனை ஈட்டிப் பாய்ச்சலால் தோல்வியுற்று, அப்பாய்ச்சலையே தாமும் பயின்று வந்திருந்தனர். முந்திய போரின் பாடத்தை நன்கு கற்றமையே அவர்களுக்குக் கேடாயிற்று. இதனோடு, பிரஷ்யா தன் படைகளை ஐந்து புகையிரதப் பாதைகளால் எல்லைக்குக் கொண்டுவர, ஒஸ்திரியாவுக்கு வடக்கு நோக்கி இருந்தது ஒன்றே. இத்தகைய இரண்டு வெற்றிகளைப் பெற்றிருந்தால் பெனெடெக்குக்கு மூன்றாவதற்குப் படை எஞ்சியிராது. சதோவாவில் ஒஸ்திரியா வென்றிருக்கலாம். பேர்லினுக்குச் சென்றிருக்கும் என்பதற்குச் சான்று இல்லை. போர் நீண்டிருக்கும் என்பதே பொருத்தமான முடிவு.

போர் நீடித்தால் பேறு பெறுபவர் மூன்றாம் நெப்போலியன். இரு சாராரும் களைத்தபின் நடுவராக வந்து நிற்பதே அவர் எண்ணம். சதோவாவின் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் காட்டிய விரைவு அதனை விளக்கும். ஒஸ்திரியா வென்றால் என்ன ஆகும் என்பதற்கு எழுத்திலேயே சான்று உண்டு. ஜூன் 12இல் ஒஸ்திரியாவும் பிரான்சும் வியன்னாவிலே இரகசிய உடன்படிக்கை ஒன்று செய்தன. அதன்படி, பிரான்ஸ் நடுநிலை வகிப்பதற்கு விலையாக, ஜேர்மனியிலே தான் வென்றாலும் வெனீசியாவை விட்டுக்கொடுப்பதாக ஒஸ்திரியா ஒப்புக்கொண்டது. வெற்றியாளனும் ஒரு மாகாணத்தை இழக்கும் போர் இது! இத்தாலியர் ஜூன் 24இல் கஸ்ரோசாவிலே தரையிலும், ஜூலை 20இல் லீசாவிலே கடலிலும் தோற்றும் வெனீசியாவைப் பெற்றமைக்கு விளக்கம் இங்கேயே கிடைக்கிறது. வெனீசியாவின் விதியைச் சதோவா தீர்க்கவில்லை. பிரஷ்யாவின் பங்கில், சிலேசியாவின் ஒரு பகுதியேனும் கையைவிட்டுப் போயிருத்தல் கூடும்.

ஆனால், நிலப்படத்தின் கோடுகள் இவ்வாராய்ச்சியிற் சிறு பொருளே. பெரும்பொருள் பேர்லினில் இருந்தது.

1860 தொடக்கம் பிரஷ்யப் பிரதிநிதிகள் சபைக்கும் அரசனுக்கும் பெரும் வழக்கொன்று நடந்து வந்தது. படையைப் பெருக்கவும் மூன்றாண்டுச் சேவையை நிலைநிறுத்தவும் அரசன் விரும்பினான். பணம் வழங்கும் உரிமை தமதாதலின் படையும் தம் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று சபையின் தாராளவாதிகள் வாதித்தனர். படை அரசனுடையதா, நாட்டினுடையதா என்பதே அதன் உள்ளீடு. 1862 செப்டெம்பரில் மன்னர் வில்லியம் மனமுடைந்து முடிதுறக்கும் பத்திரத்தையே எழுதிவிட்டார். அந்நிலையில் அழைக்கப்பட்டவரே பிஸ்மார்க். அவர் நாலாண்டு காலம் சபையின் இசைவு பெற்ற வரவு செலவுத் திட்டம் இன்றியே வரி தண்டி ஆட்சி நடத்தினார். சட்டப்படி நோக்கின், சதோவாவில் வென்ற படை சட்டத்துக்கு மாறாகத் திரட்டிய பணத்தாற் பேணப்பட்ட படையாகும்.

வெற்றி அக்குற்றத்தைக் கழுவிற்று. 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி, கடந்த ஆண்டுகளின் செலவுகளுக்குப் பின்னேற்பு அளிக்கும் மசோதா 230 வாக்குகள் சார்பாகவும் 75 வாக்குகள் எதிராகவும் நிறைவேறியது. தாராளவாதிகள் இரண்டாகப் பிளந்தனர். படையின் மீது அதிகாரம் வேண்டும் என்று நாலாண்டு போராடியவர்களிற் பெரும்பாலார் பிஸ்மார்க்கின் பின்னே அணிவகுத்தனர். இதன்பின் அமைந்த பேரரசிலும் முதன்மந்திரி பதில் சொல்ல வேண்டியது அரசனுக்கேயன்றிச் சபைக்கன்று என்ற முறையே 1918 ஒக்டோபர் வரை நின்றது. சதோவாவிலே ஒஸ்திரியாவுக்கு அடுத்தபடியாகத் தோற்றது பேர்லின் பிரதிநிதிகள் சபையே.

களம் மறுபக்கம் சாய்ந்திருந்தால், இந்த மசோதாவைக் கொண்டுவரப் பிஸ்மார்க் இருந்திரார். உயிரோடு மீண்டிருந்தாலும் பதவி இராது. முன்பு முடிதுறக்க எண்ணிய முதிய மன்னர், தோல்வியின் பின் அப்பத்திரத்தை மீண்டும் எடுத்திருத்தல் மிகவும் இயல்பு. அப்பொழுது அரியணை ஏறுபவர் யார்? பட்டத்து இளவரசர் பிரெடெரிக் வில்லியம். இவர் விக்டோரியா மகாராணியின் மருமகன். 1863 ஜூன் மாதத்தில் பத்திரிகைகளின் வாயடைக்கும் கட்டளையை டான்சிக் நகரிலே வெளிப்படையாகக் கண்டித்துத் தந்தையின் சினத்துக்கு ஆளானவர். 1866 பெப்ரவரி 28இல் கூடிய அரச ஆலோசனையிலே இப்போர் வேண்டாம் என்று தனித்து நின்று கூறியவர். அவரே ஜூலை 3இல் சேற்று வழியிற் படை நடத்தி வந்து, தாம் வெறுத்த மந்திரியின் கொள்கையை வாழவைத்தார்.

வியன்னாவில் இதன் மறுதலையைக் காணலாம். 1865 செப்டெம்பரில் ஒஸ்திரியப் பேரரசின் அரசியலமைப்பு இடைநிறுத்தப்பட்டிருந்தது. பெல்கிறெடி என்பவர் மந்திரியாயிருந்தார். ஹங்கேரியத் தலைவர் டெயாக்குடன் இணக்கப் பேச்சு போருக்கு முன்னரே தொடங்கியிருந்ததாயினும் முடிவுபெறவில்லை. தோல்வியின் பின் பேரரசர் பிரான்சிஸ் ஜோசப் டெயாக்கை அழைத்தார். போருக்கு முன் கேட்டதற்கு மேல் ஹங்கேரி எதையும் கேளாது என்று அவர் விடையளித்தமை அம்மனிதரின் பெருந்தன்மையைக் காட்டும். 1867இல் இரட்டை முடியாட்சி அமைந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் மேற்குப் பகுதிக்கும் அடிப்படை உரிமைகளைக் கூறும் சட்டங்கள் பிறந்தன. வெற்றிபெற்ற பேரரசர் இத்துணை விரைந்து இறங்கி வந்திருப்பாரா? ஹங்கேரியரின் நட்டம் செக் மக்களுக்கு இலாபமாய் முடிந்திருத்தலும் கூடும். பெல்கிறெடி பழைய மாகாணங்களின் உரிமைகளை மதித்தவர். தம் வயல்களிலே நடந்த போரின் முடிவு தமக்கு எதிராக அமைந்ததெனச் செக் மக்கள் பின்னர் வருந்தினர்.

இவ்வாறு தோல்வி அரசியல் உரிமையைப் பெறுவித்தல் அந்நூற்றாண்டில் ஒருமுறை நிகழ்ந்ததன்று. 1806இல் ஜேனாவிலே தோற்ற பிரஷ்யா, ஸ்ரைன், ஹார்டன்பேர்க் என்போரின் சீர்திருத்தங்களைக் கண்டது. கிரிமியாவில் தோற்ற உருசியா 1861இல் பண்ணை அடிமைகளை விடுவித்தது. சொல்பெரீனோவின் பின் ஒஸ்திரியா தன் பிரகடனங்களை வெளியிட்டது. 1870இல் தோற்ற பிரான்ஸ் குடியரசாயிற்று. வென்ற அரசர்கள் எதையும் கொடுக்கவேண்டிய நிலை ஏற்படவில்லை.

ஆயினும் இக்கூற்றை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறாகும். முதலாவதாக, 1834இல் தொடங்கிய சுங்க ஒன்றியம் ஒஸ்திரியாவைப் புறத்தே நிறுத்தி ஜேர்மன் அரசுகளைப் பிரஷ்யாவோடு பிணைத்திருந்தது. ஒன்றியத்து அரசுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த அந்த வாரங்களிலும் சுங்க அதிகாரிகள் ஒன்றியத்துக்காகத் தீர்வை தண்டியே வந்தனர்! பவேரியனின் வாள் ஒஸ்திரியாவின் பக்கமும், அவன் பணப்பை பிரஷ்யாவின் பக்கமும் நின்றன. களத்தோல்வி ஒன்றினால் இப்பிணைப்பு அறுந்திராது. ஜேர்மானியர் என்றோ ஒருநாள் ஒன்றுபட்டிருப்பர். யார் கையால், எந்த விதிகளின்படி என்பதே சதோவா தீர்த்த வினா.

இரண்டாவது தடை இன்னும் வலியது. பிரஷ்யப் பிரதிநிதிகள் சபைக்கான தேர்தல் நடந்த நாளும் அதே ஜூலை 3 ஆகும். சதோவாவின் செய்தி ஊர்களை எட்டுமுன்பே வாக்குகள் அளிக்கப்பட்டன. முன்னைய சபையில் 40க்கும் குறைந்த தொகையினராயிருந்த பழமைவாதிகள் 130க்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றனர். முதல் வாரத்தின் சிறு வெற்றிகளும் போரின் வேகமுமே இதற்குப் போதுமாயின. ஆகவே தாராளவாதிகளின் வீழ்ச்சிக்குக் குலூம் மேட்டில் நடந்ததை மாத்திரம் காரணமாகக் கூறல் இயலாது. அவர்கள் உள்ளத்திலும் உரிமையைவிட ஒற்றுமையே மேலான விருப்பமாக வளர்ந்திருந்தது. பட்டத்து இளவரசரும் இதற்கு விலக்கல்லர். ஜூலை இறுதியில் நிக்கொல்ஸ்பேர்க்கிலே, ஒஸ்திரியாவின் நிலத்தைப் பறிக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்த தந்தையை இணங்கச் செய்து, பிஸ்மார்க்கின் மிதமான சமாதானத்தை நிறைவேற்றித் தந்தவர் அவரே.

சதோவா மாறியிருந்தால் 1870ஆம் ஆண்டுப் போர் இல்லை, ஆதலின் 1914 இல்லை, ஆதலின் அதன் பின் வந்த கொடுமைகளும் இல்லை என்று அடுக்கிக்கொண்டு போவோரும் உளர். முதற் படி உறுதியானது: அவமானமுற்ற பிரஷ்யா நாலாண்டுக்குள் தென் ஜேர்மனியையும் சேர்த்துக்கொண்டு பிரான்சின் மீது படையெடுத்திராது. இரண்டாம் படி தளர்வானது. அதற்கிடையே 44 ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளில் எத்தனை குதிரைகள் இடறின, எத்தனை இடறவில்லை என்று யார் கணக்கிட வல்லார்? ஜேனாவின் பின் பிரஷ்யா பழிவாங்க எழுந்தது போலச் சதோவாவின் பின்னும் எழுந்திருக்கலாம். அப்பொழுது சீர்திருத்தம் என்பதே புதிய படைத் திரட்டலாக மாறியிருத்தலும் கூடும்.

எஞ்சி நிற்பது பட்டத்து இளவரசரின் கதை. தந்தை 90 வயது வரை அரசாண்டார். 1888 மார்ச் 9ஆம் திகதி மூன்றாம் பிரெடெரிக் என்ற பெயருடன் அரியணை ஏறியபோது, அவர் தொண்டையிற் புற்றுநோய் முற்றியிருந்தது; பேசும் ஆற்றல் அற்று, தாளில் எழுதியே கட்டளையிட்டார். பிஸ்மார்க் முதன்மந்திரியாகவே தொடர்ந்தார். பேரரசர் 99 நாள் ஆண்டு, ஜூன் 15இல் இறந்தார். கோனிகின்ஹோவ் பாசறையிலே அக்கட்டளையைக் கையில் வாங்கிய காலையில் அவருக்கு வயது 34.